டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவளுக்கு யார் பொறுப்பு?

செட்டிநாட்டுப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "உயிரை விடத் துணிந்து, பிழைத்து எங்கள் வார்டுக்கு வரும் கல்யாணமான பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். பலருக்கு உடம்பில் பழைய காயம் இருக்கும். கேட்டால் வயிற்றுவலி என்பார்கள். இரண்டு மூன்று நாளில் மாமியாரோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகளிர் போலீஸ், கோர்ட், சமூக நலத்துறை, கவுன்சலிங் என்று எல்லாம் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதுவும் இவர்களிடம் வந்து சேர்வதில்லையே, ஏன்? எங்கே என்ன மாற்றினால் பிழைப்பார்கள்? நானாக ஏதாவது செய்தால் எனக்குச் சிக்கல் வருமா?"

சிஸ்டர், நம் ஊரில் ஒரு பெண்ணின் கல்யாண வாழ்க்கையை அரசாங்கம் அக்கறையாக விசாரிக்கிற நாள் ஒன்று உண்டு. அது அவள் இறந்த மறுநாள். கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகப்படும்படி இறந்தாலோ ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வந்துவிடும். தாய்வீட்டாரைக் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவார்கள். சீர் என்ன செய்தீர்கள், கடைசியாக எப்போது போனில் பேசினாள், அடித்தானா, யாரிடம் சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குவார்கள். அதே பெண் ஒரு மாதம் முன்னால் உங்கள் வார்டில் கண்விழித்துப் படுத்திருந்தபோது இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த விசாரணையில் கால்வாசியை அவள் உயிரோடு இருக்கும்போது நடத்தினால் போதும் என்பதுதான் என் கட்சி. இந்தப் பக்கத்து நீதிமன்றங்களில் குடும்ப வன்முறை வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுகிறார்கள், போலீசுக்கு இன்டிமேஷன் போகிறது. ஏட்டு வந்து வாக்குமூலம் வாங்கும்போது கட்டில் ஓரத்தில் மாமியாரோ புருஷனோ நிற்கிறார்கள். "தீராத வயிற்றுவலி" என்று எழுதியாகிவிடுகிறது. பேப்பரில் அந்தச் சொல்லைப் படித்துப் படித்து நமக்கெல்லாம் பழகிப்போய்விட்டது. மருத்துவமனையைப் பொறுத்தவரை நோயாளி தேறிவிட்டார், ஸ்டேஷனைப் பொறுத்தவரை புகார் இல்லை. மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்தச் சீட்டில் வராது. அவளே மூன்று மாதம் முன்பு மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனு வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கலாம். அது உங்கள் டாக்டருக்குத் தெரியாது. உங்கள் வார்டில் படுத்திருந்தது ஸ்டேஷனுக்குத் தெரியாது. இரண்டுமே, குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரியாது. ஒவ்வொரு அலுவலகத்திலும் அவரவர் ஃபைல் ஒழுங்காகத்தான் முடிந்திருக்கும்.

இது ஏதோ சிலருடைய கதை என்று தள்ளிவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2021-இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர். அதில் 23,178 பேர் இல்லத்தரசிகள், அதாவது பாதிக்கு மேல். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நாடு முழுக்க எடுத்தால், அப்படி வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டுப் போனவர்கள் 14 சதவீதம் மட்டும். மீதிப் பேரை அரசாங்கம் சந்திக்கிற இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான். அதனால்தான் உங்கள் வார்டை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுகிறேன்.

வயிற்றுவலி என்று ஏன் சொல்கிறார்கள்? மானம் ஒரு காரணம், மாமியார் பக்கத்தில் நிற்பது ஒரு காரணம். மூன்றாவது, "உண்மையைச் சொன்னால் உன் மேலேயே கேஸ் போடுவார்கள்" என்ற பயமுறுத்தல். இந்த மூன்றாவது இன்றைக்குப் பொய். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2018 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த வடிவில் இல்லை. அதே 115-இல் இன்னொரு வரி இருக்கிறது: அப்படி முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி அது நேராமல் பார்ப்பது அரசின் கடமை. கேஸ் கிடையாது என்ற பாதியை நாம் எடுத்துக்கொண்டோம், கடமை என்ற பாதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வாக்குமூலம் வாங்க வருகிற ஏட்டிடம், வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு, "உன் மேல கேஸ் கிடையாதும்மா" என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லச் சொன்னாலே பாதி வயிற்றுவலி காணாமல் போகும்.

அடுத்தது, உங்கள் தொழிலில் பலருக்குத் தெரியாத ஒரு விதி. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபரில் அமலானது. அதன் விதிகளில் 17-ஆவது விதி மருத்துவமனைகளைப் பற்றியது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு, நடந்த வன்முறையைப் பதிவுசெய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது. அந்த அறிக்கை எழுதப்படாமல் இருந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளரே அதற்கான படிவம் 1-ஐப் பூர்த்தி செய்து பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து சமூக நலத்துறைக்குப் பாதை சட்டத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், நடக்கத்தான் ஆளில்லை. படிவம் 1 ஒரு கட்டு ஒவ்வொரு அவசரப் பிரிவிலும், ஏ.ஆர். புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்குச் செலவு ஜெராக்ஸ் காசுதான்.

மும்பையில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் மாநகராட்சியின் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் திலாசா என்ற மையத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்குள்ளேயே ஓர் அறை, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். "தெரியாமல் எதையோ குடித்துவிட்டாள்" என்று வரும் பெண்களையும் அங்கே குடும்ப வன்முறை உண்டா என்ற கண்ணோடு பார்க்கப் பழக்கினார்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது, காரைக்குடியில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. ஓர் அறையும் ஒரு மேசையும் கேட்பது பேராசை அல்ல.

எப்படிக் கேட்பது என்பதில் நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர், ஆனாலும் வழக்கில் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டாரை மருந்து வாங்க அனுப்பிவிட்டோ, எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகும்போதோ கேளுங்கள். "ஏம்மா, வீட்டுல யாருக்காவது பயப்படுறியா?" பிறகு, "இப்பவும் உயிர விட்டுறணும்னு நெனப்பு வருதா?" இப்படி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்ட பிறகு பாரம் இறங்கியது என்று சொல்பவர்கள்தான் அதிகம். இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். போலீஸ் முதல் கேள்வியோடு நிற்கிறது, மனநல மருத்துவர் இரண்டாவதோடு நிற்கிறார். அவள் ஒருத்தியிடம் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 86-ஆம் பிரிவுகூட, ஒரு பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய நடத்தையையே கொடுமை என்று வரையறுக்கிறது. அவள் இறக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. பிழைத்து எழுந்தவளின் வாக்குமூலத்தை வைத்து 85-ஆம் பிரிவில் வழக்குப் பதியலாம். ஆனால் இறந்த பிறகுதான் பெரும்பாலும் அந்தப் பிரிவு நினைவுக்கு வருகிறது.

இனி மகளிர் ஸ்டேஷன். தமிழ்நாட்டில் 1992-இல் தொடங்கியது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அங்கே நடக்கும் சமரசத்தின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ ஏன் சோறு பொங்கலை, நீ ஏன் அடிச்சே" என்று கணக்கு நேர்செய்து, இனிமேல் ஒழுங்காக இருப்போம் என்று எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? கவுன்சலிங் தொடங்கும் முன்பே, அடித்ததற்கு எந்த நியாயமும் இங்கே பேச முடியாது என்று எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த விதி நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்குக்கானது. ஸ்டேஷன் மேசையில் அதற்கு வேலையில்லை. அவன் பக்கத்து நியாயமும் அங்கே முழுசாக ஓடும்.

எழுதிக் கொடுத்துவிட்டு அதே ஆட்டோவில் அதே வீட்டுக்குத் திரும்புகிற அந்த வாரம்தான் எனக்கு எப்போதும் பயமான வாரம். சொல்லிப் பார்த்தாள், கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இனி யாரிடம் சொல்வது? புகார் கொடுத்ததற்கான கோபமும் வீட்டில் காத்திருக்கும். உயிரை விட முயன்ற வரலாறோ அந்த எண்ணமோ உள்ள பெண்ணுக்குச் சமரசமே பேசக் கூடாது என்று நான் சொல்வேன். எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறைந்தது, அனுப்பிய மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் ஒரு பெண் காவலர் அவளைத் தனியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதிலாவது கருத்து வேறுபாடு வேண்டாம்.

திரும்பப் போய்ப் பார்ப்பதற்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து நடத்தியது. ஐந்து இடங்களில் ஒன்று சென்னை. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் 9 முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், தொடர்பில் வைத்திருந்தவர்களில் 0.2 சதவீதம். அது குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களை மட்டும் வைத்துச் செய்ததல்ல என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் ஒன்பது விசாரிப்பில் இவ்வளவு வித்தியாசம் என்றால், மாத்திரைக்குச் செலவழிக்கும் மாவட்ட மனநலத் திட்டம் ஒரு போனுக்கும் ஓர் ஆளுக்கும் செலவழிக்கலாம்.

இந்தப் பெண்களுக்குப் போன் செய்வதில் ஒரு கவனம் வேண்டும். புருஷன் எடுத்தால்? அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன காரணம் சொல்வது என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி தேதி, ரத்தசோகை மாத்திரை என்று கிராம சுகாதார செவிலியர் பேசினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே ஆள் போகிறது, அதையும் பயன்படுத்தலாம். ஆனால் நம் ஊர்களில் தன்னார்வலர் பல நேரம் அதே தெரு, அதே உறவு. இன்று அவளிடம் கேட்டது நாளை மாமியார் காதுக்குப் போகும். வேறு ஊர்க்காரரை இதற்கு வைப்பது நல்லது. பூச்சிமருந்து போன்றவை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அதைத் தாய்மாமனோ அண்ணனோ அப்புறப்படுத்த முடியுமா என்பதையும் அந்தப் பேச்சில் கேட்க வேண்டும்.

இங்கே செட்டிநாட்டுக்கே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது எல்லை. நாம் ஒரே செட்டிநாடு என்று பேசினாலும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டத்தில். ராயவரம், கோனாபட்டு, பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டத்தில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பொன்னமராவதிப் பெண் காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டு அடிபட்டுத் தாய்வீடு வந்தால், "அது அந்த மாவட்டம்மா, அங்க போய்க் கொடு" என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 27-இன்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் மனு போடலாம். கொடுமை வழக்கையும் தஞ்சம் புகுந்த ஊரிலேயே தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. அலைக்கழிப்பது ஆளைச் சோர வைக்கும், சோர்ந்தவளுக்குத்தான் அந்த எண்ணம் திரும்ப வரும்.

இரண்டாவது, வெளிநாட்டுப் புருஷன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவன் அங்கிருந்தபடி பணத்தை நிறுத்துவான், இரவெல்லாம் போனில் திட்டுவான், வீட்டில் யார் வந்தார் யார் போனார் என்று வீடியோவில் காட்டச் சொல்வான். உடம்பில் காயமே இருக்காது. ஸ்டேஷனில் "அடிக்கலியே" என்பார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் வார்த்தையால், மனத்தால், பணத்தால் செய்யும் கொடுமையும் வன்முறைதான். மாமியார் மேல் வழக்குப் போட முடியாது என்ற பழைய தடையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோடு போயிற்று. அவன் அனுப்பிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும் வீட்டில், ஊரோடு இருப்பது இரண்டு வயசானவர்களும் ஒரு மருமகளும்தான் என்ற நிலை இன்று நிறைய. பின்கட்டில் அழுதால் தெருவுக்குக் கேட்காது. மகனை அதே வீட்டில் தனிக்குடும்பமாக 'வேறு வைத்திருந்தால்' தனிச்சமையல் உண்டு, தனிக்கதவு கிடையாது. வெளியே போ என்று சொல்லும்போது, "வீடு அவன் பேரில் இல்லை, பங்காளிகள் எல்லாருக்கும் பங்கு இருக்கிற பூர்வீக வீடு" என்பார்கள். 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், மாமனார் பேரில் இருக்கும் வீடானாலும் அவள் வாழ்ந்த வீடு பகிர்ந்துவாழும் வீடாகும், அதாவது அவள் குடியிருக்க உரிமை கேட்கக்கூடிய வீடாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போக இடமில்லை என்ற நினைப்பு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இதை நான் சொத்து விவகாரமாகப் பார்ப்பதில்லை, உயிர் விவகாரமாகவே பார்க்கிறேன்.

அலுவலகங்களை ஒன்றாக உட்காரவைக்க முடியுமா என்றால், முடியும். பிரிட்டனில், வேல்ஸின் கார்டிஃப் நகரில் 2003-இல் அப்படித் தொடங்கினார்கள். அதிக ஆபத்தில் இருக்கும் பெண்களின் பட்டியலை வைத்துக்கொண்டு போலீஸ், மருத்துவம், சமூக நலம், வீட்டுவசதி எல்லாரும் ஒரே மேசையில் பேசி, யார் என்ன செய்வது என்று அங்கேயே பிரித்துக்கொள்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப வன்முறை மரணங்களை அலசுவது 2011 முதல் சட்டக் கடமை. 2016-இல் வந்த வழிகாட்டுதல் தற்கொலைகளையும் அதில் சேர்த்தது. 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டில், துணையால் கொல்லப்பட்டவர்கள் 80, குடும்ப வன்முறைக்குப் பின் தற்கொலை என்று கருதப்பட்டவர்கள் 93. அவர்களும் எண்ணத் தொடங்கிய பிறகுதான் அதன் அளவு தெரிந்தது. நம்மிடம் ஆர்.டி.ஓ. அறிக்கைகள் வருடக்கணக்காகக் குவிந்து கிடக்கின்றன. குற்றவாளி யார் என்று தேடவே அவற்றைப் படிக்கிறோம். இறந்தவள் அதற்கு முன் எந்தெந்த அலுவலகப் படியேறினாள் என்று ஒருவர் உட்கார்ந்து படித்தால், நான் இங்கே எழுதுவதைவிடத் தெளிவான பாடம் கிடைக்கும்.

இப்படி ஒரு கூட்டம் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மாதம் ஒரு முறை நடக்கலாம். யார் கூட்டுவது என்பதுதான் கேள்வி. பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார், காரைக்குடியிலிருந்து சிவகங்கை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவில் மட்டுமின்றி தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லியிருக்கிறது. பெயருக்கு வேறொரு அதிகாரியிடம் கூடுதல் பொறுப்பாக ஒட்டிவிடாமல், வேலையறிந்த ஆளைப் போட்டால் அவரே கூட்டலாம். அவர் தயாரிக்க வேண்டிய பாதுகாப்புத் திட்டத்துக்கு விதிகளிலேயே படிவம் 5 இருக்கிறது. அதில் அவளுடைய தற்கொலை ஆபத்தையும், யார் எப்போது போய்ப் பார்ப்பது என்பதையும் எழுதச் சட்டத்தில் தடை இல்லை. விழிப்புணர்வுப் பேரணிக்குக் குடையும் தொப்பியும் வாங்கும் காசு இதற்குப் போனால் நல்லது.

வீட்டுக்கு அனுப்பவே முடியாத பெண்ணுக்கு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடம் உண்டு. ஆறாம் நாள் என்ன? அந்த ஐந்து நாளுக்குள் இடைக்கால உத்தரவு வாங்குவதில்தான் வழக்கறிஞர்கள் நாங்கள் சுணங்குகிறோம். மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 12. எதிர்த்தரப்பு வராமலேகூட உத்தரவு போடலாம் என்கிறது பிரிவு 23. தற்கொலை முயற்சி பற்றிய டிஸ்சார்ஜ் சம்மரியை மனுவோடு சேர்த்தால் அவசரம் என்ன என்பது நீதிபதிக்குப் புரியும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவி எண் 15100-இல் கேட்கலாம்.

உங்கள் வார்டுச் சுவரில், பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டிய எண்கள்: மகளிர் உதவி 181, மனநல ஆலோசனை டெலி மானஸ் 14416, அவசரம் 112. தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பு 044-24640050. கழிவறை என்று சொல்வதற்குக் காரணம், மாமியார் கூட வராத ஒரே இடம் அதுதான். இதைப் படிக்கிற யாருக்காவது இப்போதே அந்த எண்ணம் இருந்தால் 14416-ஐ இரவிலும் அழைக்கலாம், காசு கிடையாது.

கடைசியாக, உங்களுக்குச் சிக்கல் வருமா என்றது. குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 4 சொல்கிறது. நோயாளியின் ரகசியம் என்ற தயக்கம் நியாயமானது. அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு செய்வதே முறை. சம்மதிக்காமல் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால், அதைத் தடுக்கத் தேவையான அளவு தகவலை மட்டும் வெளியிட மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 23 இடம் தருகிறது. படிவம் 1 உங்கள் பெயரில் போக வேண்டியதில்லை. மருத்துவமனைப் பொறுப்பாளர் கையெழுத்தில் போகட்டும். அனுப்பிய தேதியைக் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள், பாதுகாப்பு அலுவலர் அலுவலகத்திலிருந்து பெற்ற ஒப்புகையின் நகல் ஒன்றை ஏ.ஆர். காப்பியோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.